தொண்ணூற்றெட்டாயிரத்துப் பத்து

போன வாரம் பெரியவளைக் கையில் அலைபேசியோடு சமையலறை நடுவில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், கால் வலித்திருக்கும். ‘வெள்ளிக்கிழமை காலை துறைத்தலைவரை நேரில் சந்திக்கவும்.’ கல்லூரியிலிருந்து வந்திருந்த செய்தி அவ்வளவுதான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டில் மூன்று பெண்கள். அம்மா, ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். பெரியவள், கடைசி வருடப் படிப்பில் இருந்தபோது அப்பா படுத்த படுக்கையாகிவிட, கல்லூரியை விட்டவள். அப்பாவும் தங்கவில்லை, படிப்பும் தங்கவில்லை. சின்னவள், வீட்டுக்குக் குட்டி. அதே கல்லூரி, அதே துறை, இப்போது கடைசி வருடம்.

பாதியில் விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து முடிக்க அந்தக் கல்லூரி ஒரு கெடு வைத்திருக்கிறது. பெரியவளுக்கு அந்தக் கெடு இந்த வருடத்தோடு சரி. திரும்பச் சேர விண்ணப்பம் போட்டிருந்தாள். அதனால்தான் அந்த ஒரு வரிச் செய்திக்கு அவள் அப்படி நின்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கல்லூரிக்குப் போகிற நாள் என்றாலும் பெரியவளின் மேஜைக்கு விடுமுறை கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள் தீராத கணக்கை ஒரு இணையதளத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை எடுத்துப் படிப்படியாகத் தீர்த்து எழுதிக் கொடுப்பது அவள் பிழைப்பு. எழுதியது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டது யாரென்று இவளுக்கும் தெரியாது.

அன்று முதலில் வந்தது புள்ளியியல். வகுப்பில் உள்ளவர்களின் சராசரி உயரம் கண்டுபிடித்திருந்தான் ஒரு மகராசன். வகுப்பிலேயே உயரமானவனைவிடச் சராசரி உயரமாக வந்திருந்தது. அதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் எழுத வேண்டும் என்றுதான் கேட்டிருந்தான்.

அடுத்தது நிரல். “என் புரோகிராம் நிற்கவே மாட்டேன் என்கிறது, உடனே உதவவும்” என்று ஆறு ஆச்சரியக்குறி. சுற்றைத் தொடங்கி வைத்தவன், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை ஒன்று கூட்ட மறந்திருந்தான். கூட்டாவிட்டால் எண் அங்கேயே நிற்கும், சுற்று மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, இந்த வீட்டில் தானும் அப்படித்தானே ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றது.

எந்தக் கணக்கானாலும் அடியில் ஒரு வரி எழுதுவாள்: ‘கீழிருந்து மேலே: சரி.’ விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன், கேள்விக்கே போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். கல்லூரியில் படித்தபோது ஏற்பட்ட பழக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்துக்கொண்டது. அந்த வரி இல்லாமல் எழுந்தால் பல் துலக்காமல் வெளியே போவது போல இருக்கும் அவளுக்கு.

“எழுந்திருடி, நேரமாச்சு. சட்டையைத் தேய்ச்சு வெச்சிருக்கேன்” என்றாள் அம்மா.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். ஊர்த் துணியை எல்லாம் தேய்க்கிற அம்மா வீட்டுத் துணியைத் தொடமாட்டாள். கை வலி என்பாள். இன்று வெள்ளைச் சட்டையின் காலர் கூட நிமிர்ந்து நின்றது.

“என்னம்மா, இன்னிக்கு இவ்வளவு பாசம்?”

“ஏன், தேய்க்கக் கூடாதா? போடு, போ.” அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தை எடுத்தாள்.

“குட்டி எங்கே?”

“காலைலயே போயிட்டா. லைப்ரரில வேலையாம்.”

குட்டிக்கும் நூலகத்துக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் பெரியவள் அதை யோசிக்கிற நிலையில் இல்லை. அந்த ஒரு வரிச் செய்தியை மறுபடி ஒருமுறை எடுத்துப் படித்தாள். சந்தோஷமான சேதியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள்.

*

துறைத்தலைவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் சிவப்பு மை. இத்தனை வருடத்தில் மை மாறவில்லை, பெயரும் மாறவில்லை. அறையில் அதே இரும்பு அலமாரி, அதே கிறீச்சிடும் நாற்காலி.

“வாம்மா. உட்காரு. இன்னமும் கீழேயிருந்து மேலேதான் போடறியா?”

பெரியவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஞாபகம் வைத்திருக்கிறார்! “ஆமா சார். பழக்கம் போகல.”

“அதான் கூப்பிட்டேன்” என்றார் அவர். ஒரு கட்டு விடைத்தாளை மேஜையில் அவள் பக்கமாகத் தள்ளினார். “கடைசி வருஷப் பிள்ளைங்க வீட்ல போட்டுக் கொண்டுவந்த கணக்கு. நாலஞ்சைப் புரட்டிப் பாரு.”

சாதாரணத் தேய்மானக் கணக்கு. ஒரு இயந்திரம் வாங்குகிறார்கள். வருடா வருடம், அந்தந்த வருட மதிப்பில் பத்து சதவீதம் குறைகிறது. இரண்டு வருடம் கழித்து மதிப்பு எண்பத்தோராயிரம். வாங்கிய விலை என்ன? கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஒரு லட்சம்.

முதல் தாளில் தொண்ணூற்றெட்டாயிரத்துப் பத்து என்று இருந்தது. இரண்டாவது தாளிலும் அதே. மூன்றாவதிலும் அதே. கையெழுத்து மட்டும்தான் வேறு வேறு.

எல்லாத் தாளிலும் அடியில் ஒரே வரி. ‘கீழிருந்து மேலே: சரி.’

பெரியவள் முதல் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

எப்படி வந்தது இந்த எண் என்று அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. குறைந்ததைத் திரும்பக் கொண்டுவர, எண்பத்தோராயிரத்தோடு பத்து சதவீதம் கூட்டி, வந்ததோடு இன்னொரு பத்து சதவீதம் கூட்டியிருக்கிறது. அப்படிக் கூட்டினால் வராது. நூறில் பத்து சதவீதம் போனால் தொண்ணூறு. தொண்ணூறுக்குப் பத்து சதவீதம் கூட்டினால் தொண்ணூற்றொன்பதுதான். எடுத்தபோது பெரிய எண்ணிலிருந்து எடுத்தார்கள், கொடுக்கும்போது சின்ன எண்ணைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்று குறையத்தான் செய்யும்.

எங்கே எழுதினோம் என்பதும் ஞாபகம் வந்தது. ஒரு நாள் மாலை, நிரல் ஒன்றில் அவள் தலையைக் கொடுத்திருந்த நேரம். குட்டி தோளுக்குப் பின்னால் நின்று, “அக்கா, அக்கா, ஒரே ஒரு கணக்குக்கா, பஸ்ஸு போயிடும்க்கா” என்று உலுக்கிக்கொண்டே இருந்தாள். மனதாலேயே போட்டு, கையால் எழுதி, பழக்கத்தில் அந்த வரியையும் போட்டுக் கொடுத்துவிட்டாள். பின்னோக்கிப் போட்டுப் பார்க்கவில்லை. வாழ்நாளிலேயே அந்த ஒரு தடவைதான் பார்க்காமல் ‘சரி’ போட்டாள்.

“அந்த வரி உன்னோடதுதானே?” என்றார் சிவப்பு மை.

“என்னோடதுதான் சார்.”

“உன் பழைய பரீட்சைத் தாள் எல்லாத்துலயும் பார்த்திருக்கேன். உன்னைத் தவிர யாரும் எழுதினதில்ல. வகுப்பு மொத்தமும் தப்பான விடைக்குக் கீழ ‘சரி’ன்னு எழுதிக் கொண்டுவந்தா, எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. யாருக்கும்மா எழுதிக் கொடுத்தே?”

இங்கேதான் பெரியவள் ஒரு நொடி யோசித்தாள். அந்த ஒரு நொடியை நினைத்து இனி எத்தனை நாள் மருகப் போகிறாளோ!

குட்டி பேரைச் சொன்னால் குட்டியின் வருடம் போச்சு. கல்லூரி வாசலில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து நிற்கிற சமயம். இத்தனை நாள் குட்டிக்காக விட்டதெல்லாம் விட்டதுதான். கடைசிப் படியில் வைத்துக் காலை வாருவதா?

“தெரியல சார். நான் ஒரு வெப்சைட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கறேன். யாரோ கேட்டாங்க, எழுதினேன். யாருன்னு பேர் வராது.”

துறைத்தலைவர் பேனாவை மூடினார். “உன் தங்கச்சி சொன்னதும் அதேதான்.”

“தங்கச்சியா?”

“காலைலயே வந்துட்டுப் போனா. அக்கா காசுக்கு வெளியாளுங்களுக்கு எழுதித் தர்றா சார், எங்க கிளாஸ் பசங்க அங்க வாங்கியிருப்பாங்க, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னா. அப்போ உன் தாள்லயும் எப்படி அந்த வரி வந்துச்சுன்னு கேட்டேன். சின்ன வயசுலேருந்து அக்காவைப் பார்த்து வந்த பழக்கம்னு சொன்னா. நான் முழுசா நம்பல. உன்னைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். நீயும் அதையே சொல்லிட்டே.”

பெரியவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? இல்லை சார், இப்போது நான் சொன்னது பொய், அவள் சொன்னதும் பொய் என்றா? தங்கைக்காகச் சொன்ன பொய்யைத் தங்கைக்கு எதிராகத் திருப்பினால் யார் நம்புவார்கள்? பொறாமை பிடித்தவள் என்பார்கள். படிப்பை விட்ட அக்காவுக்குப் படிக்கிற தங்கையைக் கண்டால் வயிற்றெரிச்சல் என்பார்கள். அவள் தன் கையாலேயே கதவைச் சாத்தித் தாழும் போட்டிருந்தாள்.

“உன் விண்ணப்பம் இங்கதான் இருக்கு.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “கணக்குல உன்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லம்மா. ஆனா எங்க பிள்ளைங்களுக்கு வெளியேயிருந்து விடை எழுதிக் கொடுக்கறவளை நான் உள்ள எப்படிச் சேர்த்துக்கறது? கையெழுத்துப் போட முடியாது. மன்னிச்சுக்கோ.”

“அடுத்த வருஷம்...” என்று ஆரம்பித்தாள். அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் எழுந்து கதவுவரை போனபிறகு அவர் சொன்னார். “திங்கட்கிழமை எல்லாரையும் ஹால்ல உட்காரவெச்சு, எண்ணை மாத்தி, இதே கணக்கைப் போடச் சொல்லப்போறேன். விடை தப்புன்னு கூட நான் யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்கன்னுதான் சொல்லியிருக்கேன். புரிஞ்சு போட்டவ சரியாப் போடுவா. மறுபடியும் சதவீதத்தைக் கூட்டிப் போடறவ, காப்பி அடிச்சவ. அவ்வளவுதான். உன் தங்கச்சி சரியாப் போட்டா, வேலைக்கு வர்றவங்ககிட்ட அவ பேரை நானே சொல்றேன். உனக்கு அந்த ஆறுதலாவது இருக்கட்டும்.”

நல்ல மனுஷர். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

*

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் பெரியவள் நின்றுகொண்டே வந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. வெள்ளைச் சட்டையின் காலர் கழுத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. பாதி வழியில்தான் அவளுக்கு அந்தச் சட்டை புரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

அம்மா போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. “என்னது தெரியுமா?”

“அம்மா, பூசி மெழுகாதே. குட்டி காலைல சார்கிட்ட என்ன சொல்லப் போறான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

அம்மா போர்வையின் ஓரத்தைச் சரியாகப் பொருத்தினாள். சலவைக்கூடத்துக் கை, கோணலாக மடிக்கத் தெரியாது.

“நான்தான் சொல்லச் சொன்னேன்.”

அம்மா போர்வையை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

“நேத்து வந்து அழுதா. வகுப்புல எல்லாரும் மாட்டிக்கிட்டோம், நான்தான் எல்லாருக்கும் கொடுத்தேன்னு தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாங்கன்னு அழுதா. நான் என்னடி செய்யறது? அவளுக்கு இன்னும் நாலு மாசம். முடிச்சா வேலை. உனக்கு இனிமே சேர்ந்து, சின்னப் பசங்களோட உட்கார்ந்து... ஒருத்தியாவது கரையேறட்டுமே.”

“நான்?”

“உனக்கு என்ன போச்சு? உனக்குத்தான் ஏற்கெனவே போயிடுச்சே.”

அம்மா அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.  பெரியவளுக்குப் பெற்றவள் என்கிற வார்த்தையே கசந்தது.

“அதுக்குத்தான் சட்டையைத் தேய்ச்சியா?”

 அம்மா மடித்த போர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து, “சாப்பிட்டியா?” என்று மட்டும் குரல் வந்தது.

*

சாயங்காலம் குட்டி வந்தாள். பையைத் தூக்கிப் போட்டாள், தண்ணீர் குடித்தாள், அக்காவின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இந்தக் கட்டிப்பிடி வைத்தியத்துக்கு மயங்காதவர்கள் அந்த வகுப்பில் யாரும் இல்லை. எந்தக் கணக்கையும் திறந்து கொடுப்பாள் என்று அவளுக்குச் சாவி என்று பெயர் வைத்திருந்தார்கள். சாவியைச் செய்து கொடுத்தவளை யாருக்கும் தெரியாது.

“அக்கா, போன விஷயம் என்னாச்சு?”

“சார் யோசிச்சுச் சொல்றேன்னாரு.”

குட்டியின் கை லேசாகத் தளர்ந்தது. நிம்மதி. பெரியவளுக்குத் தோளில் அது நன்றாகவே தெரிந்தது.

“நீ இன்னிக்கு சாரைப் பார்த்தியா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். இப்போது சொல்லிவிடு, குட்டி. அழு, திட்டு, பயந்துட்டேன்கா என்று சொல். ஒரு வார்த்தை போதும், எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன்.

“சாரையா? இல்லையே. லைப்ரரில இருந்தேன்.”

“ஓ.”

“அக்கா, ஒரு உதவிக்கா. திங்கட்கிழமை ஹால்ல உட்காரவெச்சுக் கணக்குப் போடச் சொல்றாராம். சும்மா, எல்லாரும் ஒரே மாதிரி எழுதிட்டோமாம், அதுக்கு ஒரு கோபம். அந்தத் தேய்மானக் கணக்குத்தான். நீ அன்னிக்கு எழுதினதை நான் பார்த்துத்தான் எழுதினேன், மண்டைல ஏறல. ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்திடேன். என் செல்லமில்ல?”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பெரியவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உட்காரு.”

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பென்சிலைச் சீவினாள். அவசரமே படவில்லை. இவ்வளவு பொறுமையாக அவள் குட்டிக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. இதற்கு முன் நேரம் இருந்ததில்லை.

“எண்ணை மாத்திப் போடுவோம். வருஷத்துக்கு இருபது சதவீதம் குறையுது. ரெண்டு வருஷம் கழிச்சு அறுபத்துநாலாயிரம். வாங்கின விலை வேணும். குறைஞ்சதைத் திரும்பக் கொண்டுவரணும்னா என்ன செய்வே?”

“கூட்டணும்?”

“எவ்வளவு?”

குட்டி பேனாவைக் கடித்தாள். “இருபது குறைஞ்சிருக்கு... அப்போ இருபது?”

பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனியில் மை ஒட்டியிருந்தது. சின்னதிலிருந்தே அப்படித்தான், எழுத உட்கார்ந்தால் மூக்கைத் தொட்டுக்கொள்வாள். பெரியவளின் கை தானாகவே போய் அதைத் துடைத்துவிட்டது.

“இருபதுதான்” என்றாள்.

“அறுபத்துநாலாயிரத்துல இருபது சதவீதம்... பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. கூட்டினா எழுபத்தாறாயிரத்து எண்ணூறு.”

“அடுத்த வருஷத்துக்கு?”

“மறுபடியும் இருபது. தொண்ணூத்திரண்டாயிரத்து... நூத்தியறுபது!” குட்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. “இவ்வளவுதானாக்கா? இதுக்குப் போய் நான் பயந்தேனே!”

“இவ்வளவுதான். எந்த எண் கொடுத்தாலும் இதே மாதிரி. எவ்வளவு குறைச்சாங்களோ அவ்வளவு கூட்டிக்கோ.”

“எத்தனை குறைஞ்சதோ அத்தனை கூட்டு” என்று குட்டி பாடம்போல ஒப்பித்தாள். இன்னொரு கணக்குக் கேட்டு வாங்கினாள், தானே போட்டாள். அதுவும் அதே வழியில் அழகாக வந்தது. புரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவள் முகம் ஜொலித்தது. ஒருவேளை, முதல்முறையாக அவள் நிஜமாகவே ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அம்மா இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பெரியவளின் தலையை ஒருமுறை தடவினாள். “எனக்குத் தெரியும்டி, உனக்குப் பெரிய மனசு” என்றாள்.  பெரியவள் தலையை நகர்த்தவும் இல்லை, நிமிரவும் இல்லை.

“அக்கா, அடியில அந்த வரி எழுதணுமா?”

“எழுது. சாருக்கு அது பிடிக்கும்.”

குட்டி குனிந்து, தன் குண்டு குண்டுக் கையெழுத்தில் எழுதினாள். ‘கீழிருந்து மேலே: சரி.’ எழுதிவிட்டு, என்ன தோன்றியதோ, தலையைத் தூக்கினாள்.

“பின்னாடியிருந்து போட்டுப் பார்த்துட்டியாக்கா? சரியா இருக்கா?”

“பார்த்துட்டேன்” என்றாள் பெரியவள்.

இந்த முறை நிஜமாகவே பார்த்திருந்தாள்.